மூன்றாவது முறை கருகிய கிளட்ச்

"தங்கச்சி, மறுபடியும் போச்சு!"

மருந்துக்கடைக்காரர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். முகத்தில் அசடு லிட்டர் கணக்கில் வழிந்தது.

மெக்கானிக் அக்காவுக்குத் திக்கென்றது. அவள் ஸ்பானரைத் தொட்டால் செத்துப்போன எஞ்சின்கூட எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும் என்று ஊரே சொல்லும். அப்பேர்ப்பட்டவள் ஒன்றரை மாதத்தில் இரண்டு முறை இந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றிவிட்டாள். "மூணாவது தடவை இது திரும்பி வந்தா என் கடை போர்டையே கழட்டிடறேன்" என்று போன வாரம்தான் எதிர்க் கடை மெக்கானிக்கிடம் சவால் விட்டிருந்தாள்.

அதற்குள் அவனும் தன் கடை வாசலுக்கு வந்துவிட்டான். "என்னக்கா, போர்டைக் கழட்ட ஏணி அனுப்பட்டுமா?"

"கூடவே கொஞ்சம் பொறுமையையும் அனுப்பு!" என்று கத்திவிட்டு அவள் வண்டியருகே குந்தினாள்.

லீவரை மெல்ல அழுத்திப் பார்த்தாள். "நுனியில அரை விரல் அளவு ஆட்டம் இருக்கணும். இருக்கு. ஆட்டமே இல்லாம இழுத்துக் கட்டியிருந்தா பிளேட் வழுக்கும், கருகும். நான் அப்படிக் கட்டலை." ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் கோடி வரை திருப்பினாள். "கேபிளும் எங்கேயும் இழுக்கலை."

பட்டறையின் மறுபாதியில் அவள் கணவரின் தையல் கடை. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "பிளேட்டே மட்டமோ என்னமோம்மா. போலியை உன் தலையில கட்டியிருப்பாங்க."

"நானே போய்ப் பெட்டியைப் பிரிச்சுப் பார்த்து வாங்கினதுங்க."

"அப்ப ஆயிலு?"

"அதையும் நான்தான் ஊத்தினேன். நீங்க காஜாவைப் பாருங்க!"

அவர் ஊசியை விரலில் குத்திக்கொண்டு "ஸ்ஸ்" என்றார்.

ஆயிலை வடித்து கிளட்ச் மூடியைக் கழற்றினாள். கிளம்பிய கருகல் வாடையில் நாலு வீடு தள்ளி மதில்மேல் படுத்திருந்த பூனை தும்மிவிட்டு இடத்தைக் காலி செய்தது. பிளேட்டுகள் அடிப்பிடித்த பால் பாத்திரம் போலக் கறுத்திருந்தன. ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாம் சரி.

"அண்ணே, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கிளட்சைப் பாதி பிடிச்சுக்கிட்டேதானே ஓட்டுறீங்க?"

"நானா? இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறேன் தங்கச்சி!"

"அப்ப என் வண்டியை எடுங்க. நான் பின்னாடி உட்கார்றேன்."

மேடு, பள்ளம், நாலு முக்கு, எல்லாம் சுற்றி வந்தார்கள். மனிதர் கியர் மாற்றியதே தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பின்னால் வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது.

திரும்பி வந்து இறங்கியதும் அவள் இடுப்பில் கை வைத்தாள். "வேலையில குறையில்லை. உங்க கையிலயும் குறையில்லை. அப்ப வேற யாரோ இதை ஓட்டுறாங்க."

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு முறையும் துடைத்தார்.

"ஒருத்தருக்கு ஓட்டக் கத்துக் கொடுக்கிறேன் தங்கச்சி. காலையில அஞ்சரை மணிக்கு, மைதானத்துல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை மாசமா."

"ஒன்றரை மாசமா!" அவள் குரலில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. "ஒரு கிளட்சை விட்டுப் பழக ஒன்றரை மாசமா? அது கையா, குறடா? பிடிச்சா விடவே விடாதா? பிறந்த குழந்தையை உட்கார வச்சிருந்தா இந்நேரம் ஊரைச் சுத்திட்டு வந்திருக்கும்!"

"பாவம்மா, புதுசா கத்துக்கிறவங்க..." என்று தையல் கடையிலிருந்து ஒரு குரல் இழுத்தது.

"நீங்க சும்மா இருங்க! யாரைக் கண்டாலும் உங்களுக்குப் பாவம்தான்."

எதிர்க் கடைக்காரன் சாலையைக் கடந்தே வந்துவிட்டான். "அக்கா, வேலையில ஓட்டை இருந்தா இப்படித்தான் இல்லாத ஆள் மேல பழி போடத் தோணும்."

அவள் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க சத்தியத்தை உடைப்பில போடுங்க. என் பொழப்பே போகப் போகுது. இவன் காதுல நல்லா விழுற மாதிரி உரக்கச் சொல்லுங்க, யார் அந்த மகாராஜா? இப்படி ஒரு மண்ணாந்தையைக் கட்டிக்கிட்டவ எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ, அந்தப் புண்ணியவதியை நான் பார்த்தே ஆகணும்!"

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தெருவே கேட்கும்படி சொன்னார்:

"கண்ணாடியில பாருங்க தங்கச்சி. 'பத்து வருஷமா நான்தான் அவ பின்னாடி உட்கார்ந்து போறேன், ஒரு நாளாவது அவளைப் பின்னாடி உட்கார வச்சு ஓட்டணும்'னு ஆசைப்பட்டு, தினமும் நடைப்பயிற்சிக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வர்றாரு உங்க வீட்டுக்காரர்!"