ஒன்பது மணித் தகராறு

“என் கணவரைக் கொன்றது இந்தக் கெல்பிதான்.”

நோயலீன் அதை எழுதி அனுப்பினாள்.

மழை அளப்பவர்களுக்கான இணைய மன்றம் அது. காலை ஒன்பது மணிக்கு ஆளாளுக்குத் தங்கள் வீட்டு மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவார்கள். பெய்தால் கொண்டாட்டம், பொய்த்தால் புலம்பல். ஆஸ்திரேலியாவின் வறண்ட மல்லீ பக்கத்துக் கோதுமை விவசாயிகளுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? அவள் கணவர் கிளாரி அதில் பழைய ஆள்.

அவர் எழுதியதும் கெல்பி வம்புக்கு வந்துவிடுவான். நிஜப் பெயர், ஊர் எதுவும் தெரியாது. ஆடு மேய்க்கும் நாயின் பெயரை வைத்துக்கொண்டு அதைப் போலவே விடாமல் குரைப்பான்.

கிளாரி ஆறரை என்று எழுதினால், “ஆறரையா? மானியை மரத்தடியில வச்சிருக்கீரா ஓய்?” என்பான். கிளாரிக்கு முகம் சிவந்துவிடும். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய், மரத்துக்கும் மானிக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, படம் எடுத்துப் போடுவார். மறுநாள் கெல்பி வேறு குற்றம் கண்டுபிடிப்பான். நாலு வருஷமாக இதே கூத்து.

“அந்தாளைக் கண்டுக்காம விடுங்களேன்” என்று நோயலீன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

“எப்படி விடறது? என்னைப் பொய்யன்ங்கறான். அவன் வாயை அடைக்காம ஓயமாட்டேன்.”

இரண்டு வாரத்துக்கு முன், ஜூலைக் குளிர்காலத்தில் ஒரு நாள். இரவெல்லாம் தூறல், விடியலில் உறைபனி. கிளாரி மூன்று புள்ளி இரண்டு என்று எழுதினார். “பனி உருகுனதையும் சேர்த்துட்டீரா?” என்று கெல்பி கேட்டான். வீட்டுச் செருப்போடு படம் எடுக்கப் போனவர் மானிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். நோயலீன் ஓடிப்போய்ப் பார்த்தபோது கையில் போன் இருந்தது, உடம்பில் உயிர் இல்லை.

இத்தனையும் எழுதினாள். அரை மணி நேரத்தில் மன்றமே பொங்கியது. நூறு பேர் கெல்பியைத் திட்டித் தீர்த்தார்கள். நாலு வருஷமாக அவன் நக்கலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அந்த நூறில் உண்டு.

கெல்பி ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை.

மன்றத்தை நடத்தும் க்ளென் போன் செய்தார். அவனை நீக்கும் முன் அவன் தரப்பையும் கேட்டுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“என் தரப்பு மண்ணுக்குள்ள கிடக்கு. அதை யார் கேட்டாங்க?” என்றாள் நோயலீன்.

அன்று மாலையே க்ளென் கெல்பியை நீக்கினார். அவன் எழுதியதெல்லாம் அவனோடு போயிற்று. இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நோயலீன் டோஸ்ட்டில் வெஜிமைட் தடவி முழுசாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் க்ளென்னிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. “ஏன்ப்பா வாயே திறக்கலைன்னு கெல்பியைக் கேட்டேன். பதில் எழுதிட்டு, யாருக்கும் காட்டாதீங்கன்னுட்டான். என்னால உள்ளேயே வச்சுக்க முடியல நோயலீன்” என்றிருந்தது. அதன் கீழே கெல்பியின் கடிதம்.

“க்ளென், கிளாரி எனக்குத் தனியா எழுதினதை ஊரறியச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நாலரை வருஷத்துக்கு முன்னாடி அவரோட மகன் டார்சி வண்டி கவிழ்ந்து செத்தப்பறம், ஆறு மாசம் அவர் மன்றத்துப் பக்கமே வரல. ஒரு நாள் எனக்கு மட்டும் எழுதினார். இனிமே மழை அளக்கப் போறதில்ல, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே ஒரு காரணமும் இல்லன்னு.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என்ன எழுதறதுன்னு தெரியாம, ‘நல்லதாப் போச்சு, நீர் போட்ட அளவெல்லாம் பொய்தானே’ன்னு எழுதித் தொலைச்சுட்டேன். அனுப்பினப்பறம்தான் எவ்வளவு பெரிய தப்புன்னு உறைச்சுது. மறுநாள் ஒன்பது மணிக்குப் பார்த்தா, மானியைப் படம் பிடிச்சுப் போட்டு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கார்.”

நோயலீனுக்கு அந்தக் காலை நினைவிருந்தது. ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர், திடீரென்று எழுந்து பூட்ஸ் எங்கே என்று கத்தினார். தன் பிரார்த்தனைதான் பலித்தது என்று அவள் தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லி அழுதாள். இப்போதும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தாள்.

“நடுவுல ஒரு தடவை பாவமா இருக்கேன்னு, ‘சரி, உங்க அளவு சரிதான்’னு ஒத்துக்கிட்டேன். மூணு நாள் ஆளையே காணோம். பயந்துட்டேன். அதுக்கப்பறம் நான் விட்டுக்கொடுக்கவே இல்ல. அந்தப் பனியில அவரை வெளிய அனுப்பினதும் நான்தானே? அந்தம்மா சொன்னதுல என்ன பொய் இருக்கு? அதான் பேசாம இருந்துட்டேன்.

அவர் போட்ட அளவு ஒரு நாள்கூடத் தப்பா இருந்ததில்ல, க்ளென். அவர் இன்னும் கொஞ்சம் தேறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”