மாவு மில்லுக்குப் போணி

இன்னும் ஒருத்தியும் வரவில்லை.

அவள் மில்லின் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். ஈ, காக்கை இல்லை. உள்ளே திரும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த இயந்திரத்தை மறுபடியும் துடைத்தாள்.

புது மாவு மில். இந்த ஊருக்கே இதுதான் முதல் மில். நேற்றுவரை ஒரு படி கோதுமை திரிக்கவும் பஸ் ஏறித்தான் போகவேண்டியிருந்தது.

இயந்திரம் தொண்டு நிறுவனம் கொடுத்தது. கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுவிட்டுப் போனவர்கள் என்று ஊரில் தனியாக நின்ற பெண்களை அவர்கள்தான் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். மில்லை நடத்த இவள்தான் சரி என்று கைகாட்டியது அந்தக் குழு. அன்றைக்குக் கைதட்டல் என்ன, "நாங்க இருக்கோம்ல" என்ற பேச்சு என்ன.

இன்றைக்கு ஆளைக் காணோம்.

சாயங்காலம் நிறுவனத்து ஜெசிந்தா மேடம் வருவார். ஓடாத இயந்திரத்தை அடுத்த ஊர்க் குழுவுக்கு மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். இயந்திரம் போனால் அவளும் பழையபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். மகளை மறுபடி யார் வீட்டிலாவது விட்டுவிட்டு.



அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை.

தெருமுனையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மொத்தக் குழுவும் உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு பாத்திரம். கோதுமை, கம்பு, பச்சரிசி. காலையிலேயே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்கார்ந்த தடம் மண்ணில் இருந்தது.

அவளைக் கண்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

செருகியிருந்த முந்தானையை அவள் மெல்ல உருவி விட்டாள்.

குருவம்மாள்தான் எழுந்தாள். குழுவில் அவள் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. அப்படிப்பட்டவள் இன்று தணிந்த குரலில் சொன்னாள்.

"புது மில்லுல்ல தாயி. எங்க கையால போணியாக வேண்டாம். மோட்டார் சத்தம் கேக்கட்டும், எல்லாரும் ஒண்ணா வந்துருவோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

தங்கள் கை பட்டு அவள் தொழில் கெட்டுவிடக் கூடாதாம். அதற்காகத்தான் இந்த வெயிலில் இத்தனை நேரம். கூறுகெட்ட ஜென்மங்கள்.

"என்ன பேச்சு சின்னம்மா இது. அப்படிப் பாத்தா நானும் தாலி இல்லாதவதானே."

"அதான் நீயும் இன்னும் சுவிட்சத் தொடலையே தாயி."

குருவம்மாள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

உண்மைதான். விடிந்ததிலிருந்து துடைத்தாள், பெருக்கினாள், இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தாள். பச்சைப் பொத்தானை மட்டும் தொடவில்லை. மளிகைக்கடைத் தங்கக்கிளி பூவும் பொட்டுமாக வந்து ஆரம்பித்து வைக்கட்டும் என்று நேற்றே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பயிற்சியில் கல் கொத்தச் சொல்லித்தந்தார்கள். பெல்ட் மாட்டச் சொல்லித்தந்தார்கள். யார் கையால் ஆரம்பிப்பது என்று அங்கே பேச்சே வரவில்லை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குனிந்து குருவம்மாளின் கோதுமை டப்பாவைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

"வேண்டாம் தாயி. சொன்னாக் கேளு."

புலம்பிக்கொண்டே குருவம்மாள் பின்னால் ஓடி வந்தாள்.

மில்லுக்குள் வந்ததும் அவள் குருவம்மாளின் கையைப் பிடித்தாள். இரண்டு கைகளும் சேர்ந்து பொத்தானை அழுத்தின.

மோட்டார் உறுமியது. பெல்ட் ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவள் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள்.

மாவு இறங்கியது. குருவம்மாள் அதன் கீழே கையை நீட்டினாள். நீட்டிய கையை எடுக்கவே இல்லை.

"சுடுது தாயி" என்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

அதற்குள் வாசலில் தள்ளுமுள்ளு. போணிக்கு வரமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது அடுத்தது யார் என்று சண்டை போட்டார்கள். ஒருத்தியின் வாளியை இன்னொருத்தி நகர்த்தினாள். எப்படியோ ஒரு வரிசை உண்டானது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் தங்கக்கிளி வந்து நின்றாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. ஒரு கையில் குங்குமத்தட்டு, இடுப்பில் ஒரு டப்பா பச்சரிசி.

"ஆரம்பிச்சாச்சா? யாரு போணி?"

சண்டை சட்டென்று அடங்கியது.

குருவம்மாள் மாவுக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

மோட்டார் சத்தத்தை மீறி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்.

"குருவம்மா சின்னம்மா."

எல்லோரும் தங்கக்கிளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தங்கக்கிளி குனிந்து, தன் டப்பாவை வரிசையின் கடைசியில் வைத்தாள்.