ஒளியப் பழகிய பூனை

"சீனிக்கு மனசு சரியில்ல டாக்டர். சாப்பாட்ட மோந்து பார்த்துட்டு விட்டுடுது. நாள் முழுக்க வாசக்கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு," என்றார் தணிகாசலம்.

சிங்கப்பூரின் மார்சிலிங் பகுதியில் அவர் வீட்டுக்கே வந்திருந்த விலங்கு மருத்துவர் நிரஞ்சனா, கட்டிலுக்கடியில் குனிந்து பூனையை வெளியே எடுத்தாள்.

"பெல் அடிச்சதும் ஓடி ஒளிஞ்சுக்குதே அங்கிள்?"

"நான் பழக்கினது. அப்போ எச்டிபி அரசாங்க அடுக்குமாடி வீட்டுல பூனை வளர்க்கக் கூடாதுல்ல. எவனாச்சும் புகார் கொடுத்துட்டா? அதான் பத்து வருஷமா தீபாவளிக்குக்கூட யாரையும் கூப்பிடல."

"இப்பதான் சட்டம் மாறிடுச்சே, வளர்க்கலாமே."

"முதல் நாளே லைசென்ஸ் எடுத்துட்டேன். அதுக்குள்ள எல்லாரும் வர்ற பழக்கத்தையே விட்டுட்டாங்க."

நிரஞ்சனா நீட்டிய மீன்துண்டைச் சீனி ஒரே வாயில் விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்கு அவள் கையை நக்கியது. கண், பல், வயிறு எல்லாம் பார்த்தாள்.

"ஒரு குறையும் இல்ல அங்கிள். நல்லா கொழுகொழுன்னு இருக்கு."

தணிகாசலம் தலைகுனிந்துகொண்டார்.

பையை மூடி எழுந்தவள் அப்போதுதான் சாப்பாட்டு மேசையைக் கவனித்தாள். ஒரு தட்டு முறுக்கு, பிளாஸ்க், கழுவித் துடைத்த இரண்டு கோப்பைகள்.

"யாராவது வர்றாங்களா அங்கிள்?"

"நீங்கதான் வந்துட்டீங்களே."