மனிதக் காலடி படாத தீவு

ஓசூர் வட்டாரக் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்தில் எழுதப்பட வேண்டிய அறிவிப்பு ஒன்று, 2006-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் வெளியானது: எட்டாம் வகுப்பு மாணவர்கள், மனிதக் காலடியே படாத ஒரு தீவுக்குச் சென்று அதன் இயற்கையை ஆராயப் போகிறார்கள்.

அறிவித்தவர் தலைமையாசிரியர் ராஜசேகர். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட மைக் முன்னால் நிற்கிற மாதிரிதான் கேட்பார் என்பது எங்கள் யூகம்.

ஓசூரிலிருந்து கடலுக்குப் போக ஒரு ராத்திரிப் பயணம் வேண்டும். ஆகவே தீவு என்பது, பாகலூர் தாண்டி ஓர் ஏரியின் நடுவே கருவேலமும் நாணலுமாகக் கிடந்த மண் திட்டு.

உள்ளூர்ப் பிள்ளைகளே கேள்விப்படாத அந்தத் திட்டு, பர்கூர்க்காரரான இவருக்கு எப்படித் தெரிந்தது?

நான் கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைக் கேட்கிற புத்தி.

பாகலூர் தாண்டியதும், எல்லையோரம் என்பதால், வேனில் இருந்த செல்போன்களுக்கெல்லாம் கர்நாடகாவுக்கு நல்வரவு சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. தலைமையாசிரியர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

ஏரிக்கரையில் திம்மராயன் பரிசலோடு நின்றிருந்தார். கம்பெனி வேலைக்கு வயது தாண்டியவர். மீனும் பரிசலும்தான் பிழைப்பு.

எல்லோருக்கும் கும்பிடு போட்டார், தலைமையாசிரியரைத் தவிர. அவர் பக்கம் திரும்பவே இல்லை.

தலைமையாசிரியர் தன் மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாக வேனிலேயே வைத்துவிட்டுப் பரிசலில் ஏறினார்.

திட்டில் இறங்கும்போது நாங்கள் அத்தனை பேரும் முழங்கால் வரை சேற்றில் புதைந்தோம். அவர் மட்டும் கலங்கல் தண்ணீருக்குள் கிடந்த ஏதோ ஒரு கல்லில் கால் வைத்து, செருப்பில் ஒரு சொட்டுச் சேறு ஒட்டாமல் மேலே ஏறிவிட்டார்.

தலைமைப் பண்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அறிவியல் ஆசிரியை ரூபா பாடத்தைத் தொடங்கினார். தனித்துக் கிடக்கும் ஒரு தீவுக்கு உயிர்கள் மூன்று வழிகளில் வந்து சேரும்: காற்று, நீர், பறவை. ஒவ்வொன்றையும் பார்த்து, வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

எருக்கஞ்செடி காற்று வழி. வேப்பங்கன்று பறவை வழி. ஆகாயத்தாமரை நீர் வழி. ஆராய்ச்சி அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் மாதவன் ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கொண்டுவந்தான்.

சிறிய விவாதத்துக்குப் பிறகு அது நீர் வழி என்று முடிவானது. சாம்பல் காற்று வழி. மீன் முள்ளுக்குப் பறவை பொறுப்பேற்றுக்கொண்டது. கரி பிடித்த மூன்று கற்கள் அடுப்பாகக் கூட்டியிருந்த இடத்தில்தான் அறிவியல் திணறியது.

“மூணு கல்லையும் எந்தப் பறவை டீச்சர் தூக்கினு வந்துச்சு?” என்றான் மாதவன்.

தலைமையாசிரியர் முகம் சிவந்துவிட்டது. நேராகத் திம்மராயனிடம் போனார். புனிதமான இயற்கையைச் சாராயக் கடையாக்குகிற கயவர்களைப் பற்றி ஒரு சொற்பொழிவே நடந்தது. திங்கட்கிழமை பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போகும், அதன் பிறகு இந்த ஏரியில் பரிசல் என்று ஒன்று மிதக்காது என்று முடித்தார்.

திம்மராயன் துடுப்பில் ஒட்டியிருந்த பாசியை விரலால் வழித்துப் போட்டார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். பரிசல் வைத்திருப்பவரைத் தவிர இங்கே வேறு யார் வர முடியும்?

அந்த நேரம் பார்த்துப் பூங்கொடி ஒரு முள் புதருக்குள் கையை விட்டு, சேறு அப்பிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்தாள்.

தலைமையாசிரியர் அதை வாங்கிக் கையை முழுக்க நீட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரலால் தடவினார். எழுத்து தட்டுப்பட்டது.

நம் பக்கத்தில் எவர்சில்வர் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டாமல் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். களவு போனாலும் பேர் காட்டிக் கொடுத்துவிடும் என்று ஒரு தைரியம்.

“பேரு வெட்டியிருக்குது பாருங்க. இனி நான் சொல்லத் தேவையில்ல, இதே சொல்லும். நல்லா சத்தமா படிம்மா” என்று பூங்கொடியிடம் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் திம்மராயன் முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“வேணாம் சாரு.”

குற்றவாளியே ஒப்புக்கொண்டான் என்பதுபோல் தலைமையாசிரியர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு பூங்கொடியைப் பார்த்துத் தலையசைத்தார்.

இறைவணக்கத்தில் தினமும் குறள் சொல்லும் பெண் அவள். சேற்றை விரலால் துடைத்துவிட்டு, நிறுத்தி, நிதானமாக, அக்கரைக்கும் கேட்கும்படி படித்தாள்.

“தலைமையாசிரியர் உயர்திரு ராஜசேகர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு மாணவர்களின் ஆசிரியர் தின அன்பளிப்பு.”

போன வருடம் கொடுத்தது. கடைவீதியில் கூடவே நின்று பேர் வெட்டி வாங்கி வந்தவன் நான்தான்.

மாதவன் ரூபாவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவர் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

திம்மராயன் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முதலாளியிடம் கேட்கிற பணிவோடு கேட்டார்.

“பரிசலு இருக்கட்டுங்களா சாரு, எடுத்துரட்டுங்களா?”

கரைக்குத் திரும்ப வேறு வழி கிடையாது.