மாமனார் காரின் பின்விளக்கு

சத்தம் கேட்ட பிறகுதான் மருது பிரேக்கை மிதித்தான்.

ஆத்தங்குடியிலிருந்து பூப்போட்ட தரைக்கற்களை அந்தக் காரிலேயே ஏற்றி வந்து, முற்றத்தில் தானே அடுக்கி, காரைப் பின்னால் எடுக்கும்போது தானே அதில் போய் முட்டியிருந்தான்.

கல் ஒன்றுகூட உடையவில்லை. பின்விளக்கின் சிவப்புப் பிளாஸ்டிக் மூடி மட்டும் விரிசல் விட்டு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தெறித்துப் பொடிப்பொடியாகக் கிடந்தது.

கார் மாமனாருடையது.

நாச்சியாபுரம் கோட்டைச்சாமி தன் முகத்தைத் துடைப்பதைவிட அந்தக் காரைத் துடைப்பதுதான் அதிகம். மழை பெய்தால் பெண்டாட்டியை நனையவிட்டுக் காருக்குக் குடை பிடிப்பார். முன்பு மருது அவரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் மணியின் மூடி கழன்று விழுந்ததை, காரைக்குடிச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க வந்தவனிடமெல்லாம் சொல்லித் தீர்த்தவர். போன மாதம் ஒரு சாவு வீட்டில், பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டேகூடச் சொன்னார்.

"பொழுதடைய அப்பா காரெடுக்க வந்துருவாக," என்றாள் அவன் பெண்டாட்டி உமையாள். "இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்த ஊருப் பக்கம் போவேன்?"

மருதுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன. அந்தச் சூட்டில் ஊருக்கே அப்பளம் பொரித்திருக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் புது மூடி வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் எழுதிப்போட வேண்டும். அது வந்து சேர்வதற்குள் மாமனார் சிவகங்கை வரைக்கும் சொல்லி முடித்திருப்பார்.

வீட்டில் சிவப்பாக, வெளிச்சம் ஊடுருவும்படி, அந்த ஓட்டையை அடைக்கும் அகலத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். உமையாள் சீராகக் கொண்டுவந்த பவுடர் டப்பா.

கோட்டைச்சாமி வீட்டுச் சீரில் பெயர் வெட்டாமல் ஒரு கரண்டி வெளியே போகாது. அண்டா, குண்டான், சல்லடை, பாக்குவெட்டி, எதைத் திருப்பினாலும் உமையாள் என்று இருக்கும். விட்டால் கறவை மாட்டின் கொம்பிலும் உளியை வைத்திருப்பார். இந்த டப்பாவுக்கு மட்டும், பிளாஸ்டிக் என்பதாலோ என்னவோ, பெயரைத் தாளில் எழுதி அடியில் ஒட்டியிருந்தார்.

உமையாள் தாளை நனைத்துச் சுரண்டினாள். அதற்கடியில் கோந்தும் அழுக்கும் அடைத்துக்கொண்டு, அம்மைத் தழும்பு மாதிரி சொரசொரவென்று இருந்தது.

"என்னத்த டப்பா வார்த்தானோ," என்று முனகிக்கொண்டே மருது கத்தியை ஸ்டவ்வில் காய்ச்சி அந்த அடிப்பாகத்தை அறுத்தெடுத்தான். விளக்கு மூடியைக் கழற்றி, ஓட்டையில் அதைப் பொருத்தினான். பழைய பல் பிரஷ்ஷின் சிவப்புக் காம்பை உருக்கி இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணித் தலையால் தடவி மூடினான். மற்ற விரிசல்களுக்கும் அதே வைத்தியம். தெரு முழுக்க நாற்றம். பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட உட்கார்ந்துவிட்டு, யோசித்து எழுந்து போனது.

அவன் உப்புத்தாளால் தேய்த்தான். அவள் பல்பொடி போட்டு மெருகேற்றி, குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தழும்புகளின் மேல் பூசினாள். மாட்டிவிட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். உச்சி வெயிலில் விளக்கு எரிந்ததா என்பதே தெரியவில்லை.

பொழுதடைய, கோட்டைச்சாமி வந்தார். கூடவே அவர் தங்கை ஒச்சம்மாள். கல்யாணமான வருஷமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, அண்ணன் வீட்டு அடுப்படியிலேயே தலை நரைத்தவள்.

கோட்டைச்சாமி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மருது பின்விளக்கை வேட்டியால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்பிள்ளை, காவக்காரன் கணக்கா நிக்கிறீக?"

"சும்மாதான் மாமா." குரல் எலிக்குஞ்சின் குரலாக வந்தது.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கல் அடுக்கில் இடித்துவிடாமல் இருக்க, ஒச்சம்மாள் பின்னால் போய் நின்று, "வரட்டும், இன்னும் வரட்டும்," என்று கை காட்டினாள். பிறகு போதும் என்று கையை உயர்த்தினாள்.

அவர் பிரேக்கை மிதித்தார்.

இருட்டத் தொடங்கியிருந்த முற்றத்தில் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒட்டு அப்பட்டமாகப் பல்லிளிக்கும் என்று மருது கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

தழும்பு ஒவ்வொன்றிலும் குங்குமத்தை மீறி வெளிச்சம் கசிந்தது. புள்ளியோடு புள்ளி சேர்ந்து எழுத்தாக நின்றது. சூட்டூசியால் குத்திய பெயர்.

உமையாள் என்று இல்லை.

ஒச்சம்மாள் என்று இருந்தது.

தங்கைக்கு அனுப்பிய சீர், பஸ் கூரையிலிருந்து பெட்டியோடு திருடுபோய்விட்டது என்றுதான் கோட்டைச்சாமி அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு வந்தவள் என்று சொல்லித்தான் ஒச்சம்மாளை அவள் மாமியார் திருப்பி அனுப்பினாள்.

உமையாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னத்தா, முட்டிருச்சா?" என்றார் கோட்டைச்சாமி உள்ளேயிருந்து.

ஒச்சம்மாளுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது.

"இல்லண்ணே," என்றாள். "பிரேக்குல இருந்து கால மட்டும் எடுத்துராதீக."