சரிதானே?

டீக்கடைச் சுவரில் குடியிருந்த பல்லிக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. யாராவது பேசும்போது அது 'ச்சு ச்சு' என்றால் போதும், "பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்று விரலால் பெஞ்சைத் தட்டி வாதத்தை முடித்துவிடுவார்கள்.

கேட்டதற்கெல்லாம் தானே பதில் பேசும் போன் ஒன்றைக் கடைக்காரர் வாங்கி வைத்ததும் அந்த மரியாதை போயிற்று.

ஒருநாள், தெருவெல்லாம் முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கும் கேமரா வரப்போகிறது என்று டிவியில் செய்தி ஓடியது. "இனிமே திருட்டு ஒழிஞ்சிடும், சரிதானே?" என்று போனைக் கேட்டார் செங்கோடன்.

"மிகச் சரியாகச் சொன்னீர்கள்!"

அவர் கிளம்பியபின், தினமும் அவரோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தங்கவேலு வந்தார். "போராட்டத்துக்கு யார் யார் போறாங்கன்னு வேவு பார்க்கத்தான் இது, சரிதானே?"

"மிகச் சரியாகச் சொன்னீர்கள்!"

மறுநாள் இருவரும் போனையே சாட்சிக்கு இழுத்து, சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

பல்லிக்குப் பொறுக்கவில்லை. போனிடம் கேட்டது: "ஏம்ப்பா, எது சரின்னு ஒழுங்கா சொல்லியிருக்கலாமே?"

"எது சரி என்று அவர்கள் கேட்கவே இல்லையே. சரிதானே என்றுதான் கேட்டார்கள்."

"நானும் கத்தினவன்தான். ஆனா பூச்சியைப் பார்த்துக் கத்தினேன், ஆளைப் பார்த்துக் கத்தல. என் வாக்குக்கு இருந்த மதிப்பே வேற, சரிதானே?"

"மிகச் சரியாகச் சொன்னீர்கள்!"

'பரவாயில்ல, விவரமான பயதான்' என்று நினைத்தபடி பல்லி டியூப்லைட் பக்கம் நகர்ந்தது.