அஞ்சாவது பாட்டில்

"ரிட்டயர் ஆகப்போற வயசுல இவருக்கு எதுக்கு இந்த மினுக்கு?"

கோமளா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தாள். பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி ஆபீஸ். பக்கத்து மேஜை சென்னியப்பன்தான் ரெண்டு மாசமாக இப்படி மணக்க மணக்க வருகிறார். போகப் போக நெடி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

இன்று தலைவலியே வந்துவிட்டது. நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க சார், மொதல்ல போட்டுட்டு வந்தீங்களே, அது பரவால்லீங்க. ஆபீஸ் வாரதுக்குள்ள காத்தோட போயிரும். இது சாயங்காலம் வரைக்கும் நிக்குதுங்களே!"

"அது ஆஃப்டர்ஷேவ் அம்மணி. சவரம் பண்ணின காயத்துக்குப் பூசறது. பூரா ஸ்பிரிட்டுதான், வாசனை எண்ணெய் பேருக்கு. கொலோன்ல கொஞ்சம் சேர்த்தி. அப்பறம் டப்பால ஈடிடி, ஈடிபின்னு எழுதியிருக்கற செண்டுக, மேல போகப் போக எண்ணெய் ஏறும். இது அஞ்சாவது பாட்டில், பர்ஃப்யூம். இதுலதான் எண்ணெய் ரொம்ப ஜாஸ்தி. மணிக்கட்டுல ஒரு சொட்டு வெச்சாப் போதும்."

"நீங்க இதுலயே குளிச்சுப்போட்டல்ல வந்திருக்கீங்க!"

சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் பொறுத்துக்குங்க. இதுக்கு மேல பலமா எதுவும் இல்லைன்னு கடைக்காரர் சொல்லிப்போட்டாரு."

யாரை மயக்க இத்தனை பாடு? கோமளாவுக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போது அவர் செல்போன் அடித்தது. அவர் மனைவி ராசாத்தாளின் குரல் கோமளாவுக்கே கேட்டது.

"ஏனுங்க, துண்டுல என்னத்தக் கொட்டி வெச்சிருக்கீங்க? வாசம் மூக்கைத் துளைக்குது! எனக்கு செண்டு ஆகாதுன்னு தெரியுமல்லோ?"

சென்னியப்பன் நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றார்.

"இன்னொருக்கா திட்டு, ராசாத்தி!"

அந்தப் பக்கம் ஒரு பெரிய கேவல்.

"நாத்தம் தெரியுதுங்க... எனக்குத் தெரியுதுங்க!"

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் இன்னிக்கு என் செலவுல மைசூர்பா!" என்று கத்தினார்.

"பொண்டாட்டி திட்டினதுக்குங்களா சார்?"

"போன வருசம் வந்த காய்ச்சல்ல அவளுக்கு வாசனையே அத்துப்போச்சு அம்மணி. அடுப்புல குழம்பு கருகினாக்கூடத் தெரியாது. மோந்து பாருன்னு எதை நீட்டினாலும் அழுதுபோடுவா. அதான் ஒண்ணும் சொல்லாம தினமும் நானே பூசிட்டு அவ முன்னால போய் நின்னேன்... என்னிக்காவது திட்டிப்போட மாட்டாளான்னு!"